மண்டபத்துக் கண்ணாடிக்குக் கறுப்புக் கயிறு

திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகும் வழியில் ஒரு கல்யாண மண்டபம். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே மேடை. முன்பக்கம் சாலையைப் பார்த்து அலுமினியத் தகடு ஒட்டிய ஏ.சி.பி. பலகையும் பெரிய பெயரெழுத்தும். பின்பக்கம் மாடிப்படி ஏறும் இடம் முழுக்க நீலக் கண்ணாடி, 12 அடி அகலம், 18 அடி உயரம். அதற்கு எதிரே மேற்கில் ஒரு குளம். கரையில் புங்கமரம், நாவல், நடுவில் பழைய இலுப்பை ஒன்று.

அலுமினியம், கண்ணாடி வேலைதான் எனக்குத் தொழில். இந்தக் கண்ணாடியைப் போட்டது வேறு ஆட்கள். அதில் பறவை மோதாமல் ஏதாவது செய்ய முடியுமா என்று மண்டபக்காரர் கேட்டதால் நான் போனேன். அவருக்குப் பறவை மேல் திடீர்ப் பாசம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒரு முகூர்த்தம் முடிந்த காலையில் பெண்வீட்டார் மாடிப்படியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது, எல்லார் கண் முன்னாலும் ஒரு புறா வந்து அடித்துச் செத்து விழுந்திருக்கிறது. கல்யாண வீட்டில் அது என்ன பேச்சாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எப்படியோ, வேலை நடக்க அதுவும் ஒரு காரணம்.

எங்கே அடிபடுகிறது என்று முதலில் தெரிய வேண்டும். மண்டபக்காரர் என்னை முன்பக்கம் அழைத்துப் போய் வாசல் கண்ணாடியைக் காட்டினார். விளக்கெல்லாம் அங்கேதானே எரிகிறது என்பது அவர் கணக்கு. விளக்குமாறோடு நின்ற வாட்ச்மேன் பெரியவர்தான் குறுக்கே வந்தார். "முன்னாடி ஒண்ணும் விழாது தம்பி. பின்னாடிதான். விடியக்காலம் கூட்டப்போனா கிடக்கும். நான் போறதுக்குள்ள பூனை தூக்கிட்டுப் போனது எவ்வளவோ."

அவர் சொன்னதைக் கண்ணாடியே காட்டிக்கொடுத்தது. துடைக்காமல் விட்டிருந்த பகுதியில் பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தால் புறா அடித்த இடம் அப்படியே பதிந்திருந்தது. விரிந்த இரண்டு இறக்கை, நடுவில் மார்பு, இறகின் கோடுகள்கூடத் தனித்தனியாக. புறாவின் இறகில் மாவு போல ஒரு தூள் இருக்கும், அதுதான் ஒட்டிக்கொள்கிறது. சின்னக் குருவிகள் இப்படித் தடம் விடுவதில்லை. ஒரு பொட்டு இறகோ ஒரு சொட்டு எச்சமோதான் மிஞ்சும். தடம் இருந்த இடங்களையெல்லாம் மார்க்கரில் வட்டமிட்டேன். கிட்டத்தட்ட எல்லாமே குளக்கரை மரங்களின் தலை உயரத்துக்குள் அடங்கிவிட்டன.

முன்பக்கம் ஏன் இல்லை, பின்பக்கம் ஏன் என்பதற்குக் காலை எட்டு மணிக்கு அங்கே போய் நின்றால் போதும். அந்த நேரத்தில் மேற்குச் சுவர் கட்டடத்தின் நிழலிலேயே இருக்கிறது. எதிரே மரங்கள் மேல் கிழக்கு வெயில் பளீரென்று விழுகிறது. நிழலில் இருக்கிற கண்ணாடி, வெயிலில் இருக்கிற மரம்: இதைவிடத் தெளிவாகப் பிம்பம் விழ வழியே இல்லை. குளக்கரையில் நின்று பார்த்தபோது சுவரில் இன்னொரு குளக்கரை தெரிந்தது, இலுப்பை உட்பட. மனிதனுக்குச் சட்டமும் கைப்பிடியும் கண்ணாடியைக் காட்டிக்கொடுக்கும். அந்த இலுப்பையில் போய் உட்காரலாம் என்று வருகிற குயிலுக்கு அதெல்லாம் கணக்கில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். வாலாட்டிக் குருவி காரின் பக்கக் கண்ணாடியில் உட்கார்ந்து நாள் முழுக்கக் கொத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது தன் பிம்பத்தை எதிராளி என்று நினைத்துச் சண்டை போடுவது. மூடி வைத்தால் தீர்ந்தது, உயிருக்கு ஆபத்து குறைவு. நான் பேசுவது முழு வேகத்தில் வந்து மோதுவதை.

சரி, விளக்குக்கு வருவோம். பின்பக்கக் கைப்பிடிச் சுவரில் கார் நிறுத்தும் இடத்துக்காக இரண்டு போகஸ் லைட், ஒவ்வொன்றும் 200 வாட், 6500 கெல்வின் வெள்ளை. முகம் பாதி வானத்தைப் பார்த்திருந்தது. முகூர்த்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விடிய விடிய எரியும். இதுவும் கண்ணாடியும் சேர்ந்துதான் வேலையைக் காட்டுகின்றன. வலசை வரும் சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் பறக்கும். நட்சத்திரமும் பூமியின் காந்தப் புலமும்தான் அவற்றுக்கு வழி. மேகம் தாழ்ந்த இரவில் அவையும் தாழப் பறக்கும், கீழே ஒரு வெளிச்சம் தெரிந்தால் அதைச் சுற்றிச் சுற்றி வந்து களைத்து இறங்கிவிடும். நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதும் வலசைப் பறவைகள் வந்து சேர்வதும் ஒரே ஐப்பசியில். விளக்கு இரவில் இறக்கிவிடுகிறது. இறங்கிய பறவை குளக்கரை மரத்தில் தங்கிவிட்டு, விடிந்ததும் பூச்சி தேடக் கிளம்புகிறது. அப்போது கண்ணாடி காத்திருக்கிறது.

உதயமார்த்தாண்டபுரம் சரணாலயம் இங்கிருந்து பக்கம், கோடியக்கரை கொஞ்ச நேர ஓட்டம். அங்கே வரும் நாரை, பூநாரை, உள்ளான் எல்லார் கண்ணிலும் படும். கண்ணாடியில் அடிபடுவது பெரும்பாலும் அவை அல்ல. சத்தமில்லாமல் வந்து ஊர்த்தோப்பில் தங்கிவிட்டுப் போகும் கதிர்க்குருவி, ஈபிடிப்பான், கீச்சான், ஆறுமணிக்குருவி, இவைதான். இவற்றோடு உள்ளூர்க்காரர்களான குயில், மீன்கொத்தி, புறா.

ஆறுமணிக்குருவியைக் கையில் வைத்துப் பார்த்தது இந்த வேலையின்போதுதான். பருவமழை பிடித்த ஒரு காலையில் பெரியவர் போன் செய்தார். நான் போவதற்குள் சமையல்கட்டுப் பையன் ஒருவன் அதன் வாயில் தண்ணீர் ஊற்றத் தயாராக டம்ளரோடு நின்றான். அதைத்தான் செய்யவே கூடாது. மயங்கிய பறவைக்குத் தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். தண்ணீர் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அடியில் ஒரு துண்டை விரித்து, அதை உள்ளே வைத்து மூடி, பாத்திரக் கிடங்கில் இருட்டில் வைத்தோம். மூடுவதற்கு முன் பார்த்தேன்: பச்சை முதுகு, தோளில் ஒரு துண்டு நீலம், கண்ணை மறைக்கிற மாதிரி கறுப்புப் பட்டை, வயிற்றுக்கடியில் குங்குமச் சிவப்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கேயும் இலங்கைக்கும் வருகிற பறவை இது. வந்த களைப்பில் வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடும், தமிழ்நாட்டில் ஐப்பசியில் இது அடிக்கடி நடப்பதுதான். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் தத்தும் சத்தம் கேட்டது. குளக்கரைப் புதருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த் திறந்தோம், போய்விட்டது. இறக்கை தொங்கினாலோ மறுபடி எழாவிட்டாலோ வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். குணமாகட்டும் என்று கூண்டில் வைத்துக்கொள்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

மண்டபக்காரரிடம் செலவைப் பற்றிப் பேசப் போனபோது அவர் கேட்ட கேள்வி நியாயமானது. "ஏன் தம்பி, இதெல்லாம் அமெரிக்காவுல அம்பது மாடிக் கட்டடத்துக்குத்தானே? நம்மது ரெண்டு மாடி."

அமெரிக்கக் கணக்கே வேறு மாதிரி சொல்கிறது அண்ணே என்றேன். அங்கே கண்ணாடியில் மோதி ஆண்டுக்கு 36 கோடியிலிருந்து 98 கோடிப் பறவைகள் வரை சாகின்றன என்று 2014இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் வானளாவிய கட்டடங்களின் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை. மூன்று மாடி வரையிலான வீடுகளும் பதினொரு மாடி வரையிலான மற்றக் கட்டடங்களும்தான் மீதி முழுவதையும் பங்குபோட்டுக்கொள்கின்றன. காரணம் எளிது, அவைதான் எண்ணிக்கையில் அதிகம், மர உயரத்தில் இருப்பவையும் அவைதான். சிகாகோவில் ஏரிக்கரையில் ஒரு மாநாட்டு மண்டபம் இருக்கிறது, மெக்கார்மிக் பிளேஸ். அதில் அதிகம் அடிபட்ட பகுதி உயரக் கட்டடமே இல்லை, அகலமான கண்ணாடி, அவ்வளவுதான். 2023 அக்டோபரில் ஒரே இரவில் அங்கே ஆயிரத்துக்கு நெருக்கமான பறவைகள் செத்து விழுந்தன. அடுத்த ஆண்டு கண்ணாடி முழுக்கப் புள்ளிபோட்ட படலம் ஒட்டினார்கள், சாவு மிகப் பெருமளவில் குறைந்துவிட்டது. அதுவும் மண்டபம், நம்மதும் மண்டபம் என்றதில் அவருக்கு ஒரு சந்தோஷம்.

அடுத்து ஆளாளுக்கு யோசனை. பருந்து ஸ்டிக்கர் ஒன்று ஒட்டினால் போதும் என்றார் ஒருவர். பருந்து நகராமல் இருந்தால் பறவை அதற்குப் பயப்படாது. ஸ்டிக்கர் இருக்கும் இடத்தை விட்டுவிட்டுப் பக்கத்தில் அடிக்கும், அவ்வளவுதான். உள்ளே வெள்ளைத் திரை போடலாம் என்பது இன்னொரு யோசனை. பிம்பம் விழுவது கண்ணாடியின் வெளிமுகத்தில், உள்ளே எதைத் தொங்கவிட்டாலும் வெளியிலிருந்து தெரியாது. எதைச் செய்தாலும் வெளிப்பக்கம் செய்ய வேண்டும், பரப்பு முழுக்கச் செய்ய வேண்டும். இந்த இரண்டையும் விட்டுவிட்டுச் செய்கிற எதுவும் மன ஆறுதலுக்குத்தான்.

பரப்பு முழுக்க என்றால் எவ்வளவு நெருக்கம்? டேனியல் கிளெம் என்ற அமெரிக்கப் பறவையியலாளர் 1970களிலிருந்து இதையே ஆராய்ந்தவர். செங்குத்துக் கோடு என்றால் 4 அங்குல இடைவெளி, கிடைக்கோடு என்றால் 2 அங்குலம், அதற்குமேல் போனால் பறவை நடுவில் நுழைந்துவிடலாம் என்று பார்க்கிறது. சின்னக் குருவிகளுக்கு எல்லாத் திசையிலும் 2 அங்குலமே நல்லது என்று இப்போது சொல்கிறார்கள். பெரிய கண்ணாடிக்குச் செங்குத்தாகக் கயிறு தொங்கவிடுவது, மேலே திறக்கிற வெண்டிலேட்டர் கண்ணாடிக்குப் புள்ளி ஸ்டிக்கர் என்று முடிவு செய்தேன். கயிறு வந்து சேரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று துணி சோப்புக் கட்டியால் கண்ணாடியில் கோடு போட்டுவைத்தோம். மழை வரும்வரை அது உண்மையிலேயே வேலை செய்யும்.

கயிறு வாங்கும்போது கவனிக்க வேண்டியது: முறுக்குக் கயிறு தொங்கும்போது தானாகச் சுழலும், பிரியும். மலிவான பிளாஸ்டிக் கயிறு இந்த ஊர் வெயிலில் சீக்கிரமே பொடியாக உதிரும். பின்னல் கயிறுதான் வேண்டும், 3 மில்லிமீட்டர். நிறத்துக்கு வெள்ளை, பச்சை, கறுப்பு மூன்றிலும் ஒவ்வொரு துண்டைக் கண்ணாடி முன் தொங்கவிட்டுக் குளக்கரையில் போய் நின்று பார்த்தேன். காலை வெயிலில் பிம்ப மரங்கள் வெளிர்ப்பச்சையாக இருந்தன, மேலே வானம் வெள்ளை. இரண்டின் மேலும் எடுப்பாகத் தெரிந்தது கறுப்பு. கறுப்புக் கயிறு வெயிலையும் கூடுதல் நாள் தாங்கும். 12 அடிக்கு 4 அங்குலம் வீதம் 37 கயிறு, ஒவ்வொன்றும் முடிச்சுக்கும் சேர்த்து 19 அடி. எழுநூறு அடியை எட்டும். கடையில் நிறுத்துத்தான் தருவார்கள், அதனால் கொஞ்சம் கூடவே வாங்கிக்கொண்டேன்.

மேலே எல் வடிவ அலுமினிய ஆங்கிள் ஒன்று, கீழே ஒன்று, நடுவில் மாடிப்படித் தளத்தின் உயரத்தில் ஒன்று. ஆங்கிள் 12 அடி நீளத்தில் வருவதால் ஒட்டுப்போடும் வேலை மிச்சம். மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் கிளாம்ப் போட்டு இறுக்கி ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் ஓட்டை போட்டுவிட வேண்டும். தனித்தனியாக அளந்து போட்டால் எங்கேயாவது ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தப்பும், 18 அடி உயரத்தில் அந்த ஒரு நூல் கண்ணை உறுத்தும். ஓட்டையின் விளிம்பைப் பெரிய பிட்டால் ஒரு சுற்று மழுக்கிவிட்டேன், இல்லாவிட்டால் காற்றில் ஆடி ஆடிக் கயிறு அங்கேதான் அறுபடும். கயிற்று நுனியை லைட்டரில் கருக்கிக் கையை வைக்காமல் ஆணித்தலையால் அழுத்தினால் பிரியாது.

கடற்காற்று வரும் ஊர் என்பதால் ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத எஃகு. சாதாரண ஸ்க்ரூ ஒரு மழைக்காலத்தில் துரு வழிந்து சுவரையும் கெடுக்கும். ஆங்கிளைக் கண்ணாடியிலிருந்து 3 அங்குலம் தள்ளி நிறுத்தினோம். ஒட்டி நிறுத்தினால் காற்றில் கயிறு கண்ணாடியில் அடித்துத் தட்டிக்கொண்டே இருக்கும், கண்ணாடி துடைக்கவும் கை நுழையாது.

வெளிநாட்டில் இதைச் செய்பவர்கள் கயிற்றின் கீழ்நுனியைச் சும்மா தொங்கவிட்டுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் புயலும் வருகிற இடத்தில் அது நடக்காது. 2018 கஜா புயல் வேதாரண்யத்துப் பக்கம் தென்னையையே வேரோடு சாய்த்த பூமி இது. 18 அடிக் கயிறு சும்மா தொங்கினால் ஒரே இரவில் சடைபிடித்துவிடும். அதனால்தான் நடு ஆங்கிளும் கீழ் ஆங்கிளும். கீழே ஓட்டை வழியாக இறக்கி, அடியில் அரை அங்குலம் தளர்வு விட்டு முடிச்சு. வீணைத் தந்தி மாதிரி இறுக்கினால் முடிச்சும் ஆங்கிளும் போராடிக்கொண்டே இருக்கும், இரவில் ரீங்காரம் வேறு. நான் சாரத்தில் நின்று மேலே முடிச்சுப் போட, உதவியாள் கீழே இழுத்துப் பார்த்துத் தளர்வு சொன்னான். ஓட்டை போட்டபின் மீதி வேலை பொறுமைதான்.

வெண்டிலேட்டர் வெளிப்பக்கம் திறப்பதால் அங்கே கயிறு கட்ட முடியாது. நம்பர் பிளேட் ஸ்டிக்கர் வெட்டும் கடையில் போய்ப் புள்ளி வேண்டும் என்றேன். 8 மில்லிமீட்டர் வட்டம், வெள்ளை, வெளிப்புற வினைல், எல்லாப் பக்கமும் 2 அங்குலம். கடைப் பையன் இடைவெளியைப் புரிந்துகொள்ளாமல் அழகாகக் கலைத்துப் போட்டுக் காட்டினான். "கோலத்துக்கு நேர்ப்புள்ளி வைக்கிற மாதிரி, இடுக்குப்புள்ளி வேண்டாம்" என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டான். வண்டி ஸ்டிக்கரைச் சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டுவோம். இந்த அளவுப் புள்ளிக்கு அது சரிவராது, மேல்தாளை உரிக்கும்போது புள்ளியும் கூடவே வந்துவிடும். கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்டு, வெயில் ஏறுவதற்கு முன் உலர்வாக ஒட்டி, ஒவ்வொரு புள்ளியையும் துணி சுற்றிய அட்டையால் தேய்த்தபின் தாளை மெதுவாகத் தட்டையாக மடித்து உரிக்க வேண்டும். கழுத்துவலி வேலை. சாப்பாட்டுக் கூடத்து ஜன்னல்களுக்கு இவ்வளவு மெனக்கெடவில்லை. கொசுவலைச் சட்டத்தை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் மாற்றினோம், பிம்பமும் மறைந்தது, மோதினாலும் வலை தாங்கிவிடும்.

மொத்தச் செலவு, சாரத்தையும் கூலியையும் சேர்த்து, அந்த மண்டபத்தில் ஒரு கல்யாணத்துக்குச் சீரியல் செட் போடும் செலவுகூட வரவில்லை. பார்வைக்கு எப்படி என்று கேட்பீர்கள். உள்ளே படியில் நின்றால் கயிறு மெல்லிய கோடாகத் தெரியும், குளம் மறையாது. போட்டோ எடுப்பவர்கள் இதைத் திட்டம்போட்டுச் செய்த அலங்காரம் என்று நினைக்கிறார்கள். மண்டபக்காரரும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்.

விளக்கு விஷயத்தில் செலவே இல்லை, பேச்சுத்தான் அதிகம். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஒரு இரவு வானத்தை நோக்கி இரண்டு ஒளித்தூண்களை ஏற்றுவார்கள். ஏழு ஆண்டுகளில் அந்த ஏழு இரவுகளில் மட்டும் சுமார் 11 லட்சம் பறவைகள் அதில் சிக்கித் தடுமாறியதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது, விளக்கை அணைத்தால் சில நிமிடங்களிலேயே பறவைகள் கலைந்து தம் வழியே போய்விட்டன என்பது. அங்கே ஒளியில் சிக்கிய பறவை ஆயிரத்தைத் தாண்டினால் 20 நிமிடம் அணைத்துவைக்கிறார்கள். இதையெல்லாம் மண்டபக்காரரிடம் சொன்னேன், தலையாட்டினார், விளக்கை அணைக்கவில்லை. திருட்டுப் பயம்.

அவரை அசைத்தது ஈசல். மழைக்காலக் கல்யாணத்தில் இரவுப் பந்தியின்போது ஈசல் வந்து இலையில் விழுவது அந்த மண்டபத்தின் தீராத தலைவலி. வெள்ளை வெளிச்சத்தைவிட மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும், விளக்கின் முகத்தைக் கீழே திருப்பித் தகடு வைத்து மறைத்தால் இன்னும் குறையும் என்றேன். மறுநாளே மாற்றச் சொல்லிவிட்டார். 200 வாட் இரண்டையும் கழற்றி, 3000 கெல்வின் மஞ்சளில் 30 வாட் இரண்டு, தரையைப் பார்த்து, மேலே தகர மூடியோடு. கார் நிறுத்துமிடத்தில் ஆள் நடந்தால் மட்டும் எரிகிற சென்சார் விளக்கு ஒன்று. திருடனுக்கு விடிய விடிய எரிகிற விளக்கைவிடத் திடீரென்று எரிகிற விளக்குத்தான் இடைஞ்சல் என்பதைப் பெரியவர் என்னைவிட நன்றாக எடுத்துச் சொன்னார்.

அதற்கப்புறம் கயிறு கட்டிய பரப்பில் புறாத் தடம் விழவில்லை. நோட்டு ஒன்றைக் கிடங்குக் கதவில் தொங்கவிட்டிருக்கிறோம். தேதி, இடம், மேகமா தெளிவா, என்ன பறவை என்று பெரியவர் எழுதுகிறார், பெயர் தெரியாவிட்டால் நிறத்தை எழுதுகிறார். செத்த பறவையின் காலில் உலோக வளையம் இருக்கிறதா என்று பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல காலமாகப் பறவைகளுக்கு வளையம் மாட்டிவருகிறார்கள், எண்ணைக் குறித்து அவர்களுக்குச் சொன்னால் அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பது தெரியும். நோட்டில் ஒன்றும் இல்லாத நாளை மோதல் இல்லாத நாள் என்று எடுத்துக்கொள்ள முடியாது, பூனையும் காக்கையும் பெரியவருக்கு முன்னாலேயே எழுந்துவிடுகின்றன.

பங்குனி, சித்திரையில் இதே பறவைகள் வடக்கே திரும்பும். அதற்கு முன் முடிச்சுகளை ஒருமுறை பார்க்க வேண்டும், நடு ஆங்கிளில் உரசும் இடத்தில் இரண்டு கயிறு இழை கிளம்பியிருக்கிறது. முன்பக்க ஆர்ச் விளக்கும் சீரியல் செட்டும்தான் பாக்கி. முகூர்த்தம் இல்லாத இரவுகளில் அணைத்துவிடுவதாக மண்டபக்காரர் ஒத்துக்கொண்டார். முகூர்த்த இரவுகளில் பதினொன்றரைக்கு அணைத்துச் சமையல்காரர்கள் எழும் மூன்று மணிக்குப் போடலாம் என்பது நான் வைத்த யோசனை. பெண்வீடும் மாப்பிள்ளை வீடும் காசு கொடுத்துப் போடுகிற விளக்கு, அவர்களைக் கேட்காமல் எப்படி அணைப்பது என்கிறார். வாடகை ரசீதிலேயே அந்த நேரத்தை அச்சடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன். ரசீதுப் புத்தகம் தீரட்டும், பார்க்கலாம் என்றிருக்கிறார்.